துரு எங்கே ஆரம்பித்திருக்கிறது? வீட்டு இரும்புச் சாமான்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கேட்டில் துரு, ஜன்னல் கிரில்லில் துரு, மாடிப்படியின் எவர்சில்வர் கைப்பிடியில் துரு. மூன்றுக்கும் பெயிண்டரிடம் ஒரே பதில்தான் கிடைக்கும்: "உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்ஸைடு அடிச்சிரலாம் சார்." கிரில்லுக்கு அது பாதி வைத்தியம். கேட்டின் அடிப்பகுதிக்கு வெறும் கண்துடைப்பு. எவர்சில்வருக்கோ, இரும்பில் தேய்த்த உப்புத்தாளைக் கொண்டுவந்து தேய்ப்பதே கெடுதல். சிவப்பாகத் தெரிவதெல்லாம் ஒரே கோளாறு இல்லை. துரு எந்த இடத்தில் ஆரம்பித்திருக்கிறது என்று பார்த்தால்தான் அது ஏன் வந்தது, என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

கடற்கரை ஊர்க்காரர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உலோகத்தின் மேல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். மேலே உப்பு படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரப்பதமே போதும், ஏனென்றால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கோயம்புத்தூரில் ஒழுங்காக நிற்கும் அதே பெயிண்ட் பெசன்ட் நகரில் நிற்காததற்குக் காரணம் இதுதான். பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

முதலில் துடை, சுரண்டு, தட்டு

ஒரு பழைய வெள்ளைத் துணி, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல். இவ்வளவு போதும்.

துணியால் அழுத்தித் துடையுங்கள். சிவப்புப் பொடி துணிக்கு வந்து, அடியில் இரும்பு வழவழப்பாக இருந்தால் அது வெறும் மேல்துரு. துணிக்கு எதுவும் வராமல் இறுக்கமாக ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டுங்கள். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்து, கீழே ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால் துரு உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தடிமன் இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, தட்டிய இடம் உள்வாங்கினாலோ அது துரு நீக்கும் வேலையே இல்லை, வெட்டி ஒட்டும் வேலை.

பெரிய கட்டுமானங்களில் இதையே ஐ.எஸ்.ஓ. 8501-1 என்ற தரநிலையை வைத்துச் செய்கிறார்கள். பெயிண்ட் அடிக்காத இரும்பின் நிலையை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்துப் படத்தோடு காட்டியிருக்கும். ஏ என்றால் ஆலைக் கருந்தோல், அதாவது ஆலையில் சூடாக உருட்டும்போதே மேலே உண்டாகும் கறுப்புப் படலம், அப்படியே இருக்கிறது, துரு அநேகமாக இல்லை. டி என்றால் தோல் போய், பரப்பு முழுக்கக் குழி. நம் வீட்டுக்கு ஸ்க்ரூடிரைவர் முனையே போதும். ஆனால் பெரிய ஷெட் போடுகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் இந்தத் தரநிலையின் பெயரைச் சொல்லிப் பேசினால் பேச்சு மரியாதையாக நடக்கும்.

கடையில் வாங்கி வந்த புது ஆங்கிள், பட்டை, பைப் மேலெல்லாம் சிவப்புப் பொடி

பயப்பட வேண்டாம். சூடாக உருட்டித் தயாரிக்கும் இரும்பின் மேல் நீலம் கலந்த கறுப்பாக ஒரு தோல் இருக்கும். அது ஆலையிலேயே உண்டாகும் ஆக்ஸைடு. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அந்தத் தோலில் விரிசல் விட்டால் விரிசலுக்குள் தெரியும் இரும்பு மட்டும் வேகமாகத் துருப்பிடிக்கும். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒருநாள் தோல் கழன்று விழும்போது பெயிண்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே புது இரும்பென்றாலும் கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேய்க்க வேண்டும். இறுகிப் பிடித்திருக்கும் தோலை வயர் கப் மினுக்கித்தான் விடும், எடுக்காது. அந்த இடத்துக்கு உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட ஃப்ளாப் வீல் சரி. ஸ்குவேர் பைப்புகளில் கருந்தோல் இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் திருப்பி இன்னொரு முறை துடையுங்கள். ஒரே துணியால் எல்லாக் குழாயையும் துடைத்தால் பிசுக்கு ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்கு இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி தாண்டினால் காலையில் மறுபடி மெல்லிய சிவப்பு வந்திருக்கும்.

கிரில்லில் பெயிண்ட் கொப்புளித்து, ஓரங்களிலும் வெல்டிங் இடங்களிலும் துரு

அடிக்கடி வருகிற கோளாறு இது, அரைகுறையாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். ஏன் ஓரத்தில் ஆரம்பிக்கிறது? பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது கூர்மையான விளிம்பிலிருந்து விலகி இரு பக்கத்துச் சமதளத்துக்கு ஒதுங்கும். விளிம்பில் மிஞ்சுவது மெல்லிய படலம். சாதாரண எனாமல் ஒரு கோட்டு காய்ந்தபின் 25 முதல் 35 மைக்ரான்தான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும் என்றால் விளிம்பில் அதிலும் குறைவு. வெல்டிங் இடத்தில் கதை வேறு. அங்கே கசடு தட்டி எடுக்கப்படாமல் இருக்கும், தெறித்த பொட்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றின் இடுக்குக்குள் பிரஷ் போகாது, ஈரம் போகும்.

வேலையைத் தொடங்குமுன் கழுவுங்கள். நிறையப் பேர் சுரண்டிவிட்டுக் கழுவுகிறார்கள், அது தலைகீழ். உப்பு மேலே இருக்கும்போதே தேய்த்தால் அதைக் குழிக்குள் அழுத்தி வைத்ததுதான் மிச்சம். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவிப் புண்ணியமில்லை. மெட்ரோ வாட்டரோ மழைநீரோ பயன்படுத்துங்கள்.

காய்ந்ததும் சுரண்டுங்கள். தளர்ந்த பெயிண்ட் எதுவரை வருகிறதோ அதுவரை எடுத்து, இறுகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டின் விளிம்பை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் சரிவாக்குங்கள். விரல் வைத்துத் தடவினால் படி தட்டக் கூடாது. துருப்பிடித்த இடத்தை உலோக நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி கட்டாயம், வயர் கப்பிலிருந்து தெறிக்கும் கம்பிமுனை கண்ணைத் தேடித்தான் வரும். வீடு பழையது என்றால் முகக்கவசமும் வேண்டும். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கோட்டுகளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்த்து உடனே துடைத்துக் காயவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

குழிக்குள் மட்டும் எடுக்க முடியாமல் ஒட்டியிருக்கும் துருவுக்குத்தான் கன்வெர்ட்டர், அதாவது துருவையே வேறு பொருளாக மாற்றும் பூச்சு. டேனிக் அமிலம் உள்ளது துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாக மாறும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய காலத்து வேதியியல்தான் இது. பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டுமே மெல்லிய, இறுகிய துருவில்தான் வேலை செய்யும். பொருக்குத் துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுத்து, அடியில் துரு தன் பாட்டுக்கு வளரும். "தேய்க்கவே வேண்டாம், அப்படியே பூசலாம்" என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

பிரைமர் விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. ரெட் ஆக்ஸைடின் சிவப்பே இரும்பு ஆக்ஸைடுதான், அதாவது துருவின் நிறம். துருவின் மேல் அடித்தாலும் சுத்தமான இரும்பின் மேல் அடித்தாலும் ஒரே மாதிரித் தெரியும். வேலை எப்படி நடந்தது என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவே முடியாது. சாம்பல் நிற ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேளுங்கள். துருவைத் தடுக்கும் சத்தும் அதில் இருக்கிறது, விட்டுப்போன இடமும் பளிச்சென்று தெரியும். முதலில் விளிம்புகள், வெல்டிங் இடங்கள், போல்ட் தலைகளுக்கு மட்டும் சின்னப் பிரஷ்ஷால் ஒரு கோட்டு. அது காய்ந்ததும் முழுக்க ஒரு கோட்டு. பிறகு எனாமல் இரண்டு கோட்டு. கடலைப் பார்த்த பக்கமாக இருந்தால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமரும், மேலே பியூ (பாலியூரிதேன்) பெயிண்டும் செலவுக்குத் தகுந்த பலன் தரும். எப்பாக்ஸியை மட்டும் அடித்து வெயிலில் விடக் கூடாது, மாவு மாதிரி வெளுத்துப்போகும்.

குழிகளை மறைக்கப் பட்டி போடலாமா என்று கேட்பார்கள். வெளிப்புற இரும்புக்கு வேண்டாம். மட்டமான பட்டி பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். குழி தெரிந்தால் தெரியட்டும்.

நேரமும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொதுவிதி. வீட்டில் கருவி இல்லாதவர்கள் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். அதே சமயம் உச்சிவெயில் நேரே அடிக்கும் இரும்பிலும் அடிக்காதீர்கள். தின்னர் சட்டென்று பறந்து கொப்புளம் விடும். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஐப்பசி அடைமழையில் கேட்டுக்கு பெயிண்ட் அடிப்பதை என்ன சொல்ல!

கேட்டின் அடிச்சட்டத்தில் மட்டும் துரு, மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது

இங்கே துரு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. ஸ்குவேர் பைப் கேட்டில் மழைநீர் வெல்டிங் ஓட்டை வழியாக, கீல் துளை வழியாக உள்ளே இறங்கி அடிக்குழாயில் தேங்கும். வெளியே துரு தெரியும்போது உள்ளே பாதித் தடிமன் போயிருக்கலாம். இதற்குத்தான் சுத்தியல் சோதனை. கணீரென்றால், அடிக்குழாயின் கீழ்ப்பக்கம் இரண்டு முனையிலும் 6 மி.மீ. துளை போட்டு வடியவிட்டு, நன்றாகக் காயவைத்து, துளை வழியாக உள்ளே கொஞ்சம் கியர் ஆயில் ஊற்றிக் கேட்டைச் சாய்த்து ஓடவிடுங்கள். வெளிப்பக்கத்துக்கு மேலே சொன்ன அதே வேலை, ஆனால் அதை முதலில் முடித்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள், எண்ணெய் வழிந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. மொத்தென்றால் அடிக்குழாயை வெட்டிப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். இற்றுப்போன குழாயின் மேல் தகட்டுப் பட்டை வைத்து வெல்டிங் அடிக்கும் பழக்கம் உண்டு. பட்டைக்கும் குழாய்க்கும் இடையில் புதிதாக ஒரு ஈரப்பை உண்டாகும், அவ்வளவுதான்.

தரையில் புதைத்த தூண் என்றால் சிமென்ட் முடியும் இடத்தில், தரை மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலும் கீழும் பாருங்கள். அங்கே தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கமாக ஓடும்படி சிமென்டைச் சரிவாகப் பூசினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எவர்சில்வர் கைப்பிடியில் டீக்கறை மாதிரிப் பழுப்பு

"எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்றுதானே சொன்னார்கள்?" என்று கோபப்படுவார்கள். துருப்பிடிக்காத இரும்பு என்பதற்கு, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இரும்பு என்றுதான் பொருள். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மிக மெல்லிய ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அதைக் கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்பிலிருக்கும் குளோரைடு அதை ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடும். கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் இந்தக் கறை சகஜம்.

எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். மழை நேரே அடித்துக் கழுவும் கம்பியில் குறைவாகவும், சன்ஷேடுக்குக் கீழே மழை படாத கம்பியில் அதிகமாகவும் இருந்தால் அது உப்புப் படிவு. மருந்து, அடிக்கடி கழுவுவதுதான். வெல்டிங்கைச் சுற்றி மட்டும் வந்திருந்தால், சூட்டில் நீலமும் பழுப்புமாக மாறிய இடத்தை வெல்டர் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார். அங்கே காப்புப் படலம் பலவீனம். தனித்தனிப் புள்ளிகளாக எங்கும் தெறித்திருந்தால், பக்கத்தில் யாரோ இரும்பைக் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொறிகள் எவர்சில்வரில் ஒட்டி, அவைதான் துருப்பிடிக்கின்றன. கீழே உள்ள எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதைக்கு.

வைத்தியம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நூறு கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்துத் துணியில் நனைத்துக் கம்பியைச் சுற்றி வையுங்கள். இருபது நிமிடம் துணி காயாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் நன்றாக அலசித் துடைத்துவிடுங்கள். ஒட்டிய இரும்புத் தூளைக் கரைத்து, காப்புப் படலம் மறுபடி உண்டாக வழிவிடுகிற வேலை இது. தொழிற்சாலைகளிலும் இதே அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். பிடிவாதமான கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனர் கிடைக்கும். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் நீலத்துக்கு விற்கும் பிக்லிங் பேஸ்டில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அதை வீட்டில் தொடவே வேண்டாம், பட்டறைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

செய்யவே கூடாதவை: இரும்பு நார், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட். கடைசி இரண்டிலும் குளோரின் இருக்கிறது. டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றும்போது எழும் புகையே கைப்பிடியைக் கறையாக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்துவிட்டால் கிளம்பும் குளோரின் வாயு உங்கள் நுரையீரலுக்கே ஆபத்து.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். காந்தம் ஒட்டவில்லை என்றால் ஒரிஜினல் 304 கிரேடு எவர்சில்வர் என்று கடையில் காட்டுவார்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், 202-இல் நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டியிருப்பார்கள். கடலுக்கு எதிரேயே வீடு என்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 தான் சரி. மேட் ஃபினிஷ் வேண்டாம், கண்ணாடிப் பளபளப்பு எடுங்கள். வழவழப்பில் உப்பு தங்குவது குறைவு.

எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி

உள்ளே அடியில் சின்னப் புள்ளிகள் என்றால், தண்ணீர் கொதிக்குமுன் உப்பு போட்டுக் கரையாமல் அடியில் தங்கியிருக்கும். வெளியே பரவலாக மஞ்சள் என்றால் அது போர் தண்ணீரில் இருக்கும் இரும்பின் படிவு, பாத்திரத்தின் துரு அல்ல. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

தகரக் கூரையில் வெள்ளை மாவு, அல்லது பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது

ஜி.ஐ. ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், வெள்ளையாகத் தெரிவது துத்தநாகத்தின் துரு. ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நனைந்தபடி அடுக்கி வைத்தால், இடையில் காற்று போகாமல் வரும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமாகச் சாய்த்து வைத்தால் போதும். பிரஷ்ஷுக்குக் கீழே சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம் இருக்கிறது. கறுப்பாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு என்று விற்கும் ஷீட்டில்கூட ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான் துத்தநாகம். இந்தக் கணக்கு தெரிந்தவர் அதன்மேல் கிரைண்டர் வைக்க மாட்டார்.

பெயிண்ட் உரிவது வேறு கோளாறு. சாதாரண எனாமலில் இருக்கும் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும், அதில் பெயிண்ட் ஒட்டி நிற்காது. எவ்வளவு நல்ல எனாமல் அடித்தாலும் இதேதான். உரிந்ததை முழுக்க எடுத்து, ஜி.ஐ.க்கென்று விற்கும் எட்ச் பிரைமரோ எப்பாக்ஸி பிரைமரோ அடித்த பிறகே மேல்பெயிண்ட். சிவப்பு வந்த இடங்களுக்கு மட்டும் ஜிங்க் ரிச் பிரைமர்.

ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் சிவப்புக் கோலம் போட்டிருந்தால் துளை போட்டபோது விழுந்த தூளைப் பெருக்காமல் போயிருக்கிறார்கள். பெருக்கித் துடைத்தாலே போகும். ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு வட்டம் மட்டும் துருப்பிடித்திருந்தால் குழாயைத் திருப்பிவிட்டுப் பிறகு பிரைமரைத் தொடுங்கள்.

வீடு கட்ட இறக்கிய கம்பி முழுக்கச் செம்பழுப்பு

வீட்டுக்காரர்களை அதிகம் பதற வைப்பதும், பெரும்பாலும் தேவையில்லாமல் பதற வைப்பதும் இதுதான். டி.எம்.டி. கம்பியில் இறுகப் பிடித்த மெல்லிய துரு கான்கிரீட் பிடிப்பைக் கெடுக்காது. கட்டுமான விதி ஐ.எஸ். 456 தடை செய்வது தளர்ந்த துரு, தளர்ந்த கருந்தோல், எண்ணெய், சேறு, பெயிண்ட் ஆகியவற்றை. எனவே சாக்குத் துணியாலோ வயர் பிரஷ்ஷாலோ தேய்த்து உதிர்வதை உதிர்த்துவிட்டால் போதும். துருவை மறைக்க ரெட் ஆக்ஸைடு அடிப்பவர்களை உடனே நிறுத்துங்கள். பெயிண்ட்தான் பிடிப்பைக் கெடுக்கும்.

எதுவரை ஏற்கலாம் என்று எடை சொல்லும். ஒரு மீட்டர் வெட்டி, பிரஷ் போட்டு, தராசில் வையுங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். ஐ.எஸ். 1786 தனி ஒரு துண்டுக்கு 6 சதவீதம் குறைய அனுமதிக்கிறது, அதாவது சுமார் 835 கிராம் வரை. 8 மி.மீ. கம்பிக்கு 0.395 கிலோ, அனுமதி 8 சதவீதம், சுமார் 363 கிராம். அதற்குக் கீழே போனாலோ, கம்பியின் வரிகள் மழுங்கியிருந்தாலோ பொறியாளரிடம் காட்டாமல் கட்டாதீர்கள். கடலோர மனையில் மாதக்கணக்கில் கிடந்த கம்பி என்றால் எடை சரியாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கட்ட வேண்டும். துருவைவிட அதிலுள்ள உப்பு பெரிய எதிரி.

மாடி பிறகு எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் நீட்டி விட்ட தூண் கம்பிகள் தனிக்கதை. தண்ணீர் நிற்கும் அடிப்பாகத்தில்தான் அவை இளைக்கும், மேல்முனையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வருடங்கள் விட்டு வைப்பதானால் சிமென்ட் பால் பூசி, அதன்மேல் மெலிந்த கலவைக் கான்கிரீட்டால் மூடிவிடுவது நல்லது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிகளுக்கென்றே சிமென்ட் கலந்த பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது, அதனால்தான் சிமென்ட் பால்.

தளத்தின் அடியில் விரிசலும் செந்நிறக் கசிவும்

இது மேல்துரு அல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்து, துருவாகிப் போன இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. பூசி மறைக்காமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

அரிவாள், ஸ்பானர், போல்ட், தோசைக்கல்

கையில் எடுக்க முடிகிற சாமான் என்றால் ஊறவைப்பதுதான் சுலபம். வினிகரில் ஒரு ராத்திரி, அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம். இடையிடையே எடுத்துப் பாருங்கள், துரு போன பிறகும் கிடந்தால் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். எடுத்ததும் பிரஷ் போட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் பத்து நிமிடம் அசந்தாலும் கண்ணெதிரே மஞ்சள் பூக்கும்.

ஸ்பிரிங், உயர் வலிமை போல்ட், கெட்டியாகப் பதம் போட்ட சாமான்களை அமிலத்தில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பார்க்க நன்றாக இருக்கும்போதே திடீரென்று முறியும். அவற்றுக்கு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். ஜி.ஐ. போல்ட்டையும் போடாதீர்கள், துருவுக்கு முன்னால் துத்தநாகம் கரைந்துவிடும்.

தோசைக்கல்லில் சிவப்பு வந்தால் தேய்த்துக் கழுவி உலர்த்தி, நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிப் புகை வரும்வரை காயவையுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாக உட்காரும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுக்கும்.

பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கால்களில்

தரை துடைக்கும் தண்ணீர். கல்லுப்பு போட்டுத் துடைக்கும் வீடுகளில் இன்னும் வேகம். துருவைத் தேய்த்துப் பிரைமர் அடித்து, காலுக்கு ரப்பர் குப்பி மாட்டுங்கள். குப்பிக்குள் தண்ணீர் தேங்குகிறதா என்று அவ்வப்போது கழற்றிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

உரிந்த பெயிண்ட் சில்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பாக இருந்தால் துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் நீலக் கறுப்புத் தோல் ஒட்டியிருந்தால் ஆலைக் கருந்தோலை எடுக்கவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருந்து, கீழே இரும்பும் பளபளப்பாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது அது ஜி.ஐ. குழாய் என்பதைக் கவனிக்கவில்லை. பிரைமர் இரும்பிலேயே நின்று எனாமல் மட்டும் உரிந்தால், பிரைமர் அடித்துவிட்டு வாரக்கணக்கில் தூசியில் போட்டுவிட்டு அதன்மேல் எனாமல் அடித்திருப்பார்கள். பட்டறையிலிருந்து வரும் கேட்டுகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

பெயிண்ட் உரியாமலே ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு துளிர்த்தால் குழியில் உப்பு மிச்சம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவைத்து மறுபடி தொடங்க வேண்டும். ஓரம் மட்டும் என்றால் விளிம்புக் கோட்டு அடிக்கவில்லை. கிரில்லின் ஒரே ஒரு குறுக்குக் கம்பியில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் பெயிண்டரை விட்டுவிட்டு, அந்தக் கம்பிக்கு நேர் மேலே எந்தப் பூந்தொட்டி இருக்கிறது, யார் அங்கே ஈரத்துணி காயப்போடுகிறார்கள் என்று பாருங்கள்.